கண்மாயோரம் ஒரு மிட் செஞ்சுரி வீடு: செட்டிநாட்டு மனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

செட்டிநாட்டில் 'லேக் வியூ மனை' என்று காட்டப்படுவது பெரும்பாலும் கண்மாயை ஒட்டிய இடம். கண்மாய் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும். மாசி வரை தண்ணீர் நிற்கும். பங்குனியில் வற்றத் தொடங்கி, வைகாசியில் மாடு மேயும் பொட்டலாகிவிடும். ஆகவே இங்கே ஏரிக்கரை வீடு கட்டுகிறவர் வருடத்தில் நாலைந்து மாதம் நீரையும் மீதி மாதங்களில் வெடித்த தரையையும் புல்லையும் தூசியையும் பார்க்கப் போகிறார். இந்த ஒன்றை முதல் நாளே ஒப்புக்கொண்டால் வரைபடம் வேறு மாதிரி வரும்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மனை காரைக்குடிப் பக்கம், 30 சென்ட். கிழக்கு மேற்காக 45 மீட்டர், வடக்கு தெற்காக 27 மீட்டர். மேற்கே ஊர்ச் சாலை, கிழக்கே கண்மாய். இந்தச் சீமையில் நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிவதால் கண்மாயின் கரை பெரும்பாலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருக்கும். தண்ணீரைக் கண்ணால் பார்க்கிற மனை எதிர்ப்புறத்து மேட்டில்தான் அமையும். கரைக்கு வெளியே இருக்கும் மனையை யாராவது 'ஏரிக்கரை மனை' என்று விற்றால், அங்கிருந்து தெரிவது மண்கரைதான். கசிவு மட்டும் இலவசமாக வரும்.

கட்டுகிறவர்கள் ஓய்வுபெற்ற தம்பதி. பூர்வீக வளவு வீட்டில் அவர்களுக்கு ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு, பங்கு உண்டு. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு எல்லாம் அங்கேதான் நடக்கும். அதனால் புது வீட்டுக்குப் பெரிய கூடமோ ஐந்நூறு பேர் உட்காரும் பந்திக்கட்டோ தேவையில்லை. இரண்டு படுக்கையறை, விருந்தாளிக்கு ஓர் அறை, நீரைப் பார்க்கும் நீளக் கூடம், அவ்வளவுதான் கேட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவிய மிட் செஞ்சுரி மாடர்ன் என்ற நவீனக் கட்டடப் பாணி இந்த அளவு வீட்டுக்குத்தான் பொருந்தும். 1945 முதல் 1966 வரை கலிஃபோர்னியாவில் நடந்த 'கேஸ் ஸ்டடி' வீடுகள் திட்டமே போருக்குப் பிந்தைய சாதாரணக் குடும்பத்துக்கு, கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு அளவான வீடு கட்டும் முயற்சி. 1949-இல் சார்லஸ், ரே ஈம்ஸ் கட்டிய எட்டாம் எண் வீடு, கடையில் கிடைத்த ஆயத்த இரும்புச் சட்டங்களையும் ஜன்னல்களையும் வைத்து எழும்பியது. அந்தப் புத்தியைத்தான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வீடுகளின் கண்ணாடிச் சுவரை அப்படியே எடுத்து வந்தால் வீடு வேகும்.

முதலில் பதிவேடு

புலப்படம், அ பதிவேடு, பட்டா, வில்லங்கம் நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கண்மாயின் நீர்ப்பிடிப்பு எல்லை மனைக்குள் நுழைகிறதா என்று நில அளவையர் கல் ஊன்றிக் காட்டிய பிறகே அடுத்த வேலை. கண்மாய்க்குள் நீர் நிற்கும் பகுதியான உள்வாயில் பட்டா நிலம் இருப்பதுண்டு. பட்டா இருப்பதாலேயே அது கட்டத் தகுந்த இடம் ஆகிவிடாது. நிறைகிற வருடம் அது தண்ணீருக்குள் போகும். 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் புறம்போக்கில் நீட்டிய எதையும் விடாது. மனை ஓரமாக வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) ஓடினால் அதன் அகலத்தை முழுசாக விட்டுவிட வேண்டும். அதைக் குழாய்க்குள் அடைத்து மேலே தோட்டம் போடுவது பின்னால் நம் வீட்டுக்குள்ளேயே தண்ணீரைத் திருப்பும்.

தரைமட்டம் எங்கிருந்து வந்தது

கண்மாயோரத்தில் எல்லா அளவுக்கும் தாய் அளவு கலுங்கின் மேல்மட்டம். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிவது அங்கேதான். அதையே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ஆட்டோ லெவல் கருவியால் மட்டத்தை மனைக்குக் கொண்டுவர வேண்டும். சாலை மட்டத்தையோ பக்கத்து வீட்டுப் படியையோ அடிப்படையாக வைக்கிற பழக்கம்தான் பல கண்மாயோர வீடுகளில் தண்ணீர் புகக் காரணம்.

இந்த மனையின் கிழக்கு எல்லை கலுங்குக்கு மேல் 0.45 மீட்டர். மேற்கே சாலை 1.80 மீட்டர். 45 மீட்டருக்கு 1.35 மீட்டர் சரிவு, அதாவது நூற்றுக்கு மூன்று. கலுங்கு வழிந்தோடும் நேரத்தில் தண்ணீர் கலுங்குக்கு மேலும் ஏறி நிற்கும். எவ்வளவு ஏறும் என்பதைக் கலுங்குக் கல்லில் உள்ள கறையும், கரையோர மரங்களில் படிந்த வண்டல் கோடும், கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சியின் வாய்ச்சொல்லும் சேர்ந்து சொல்லும். இங்கே 0.60 மீட்டர் என்று எடுத்துக்கொண்டோம். அதற்கு மேல் பாதுகாப்புக்கு 0.90. ஆக தரை 1.50-இல் இருந்தால் கண்மாய்க்குப் போதும்.

ஆனால் சாலை 1.80-இல் இருக்கிறது. அதுவும் ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் உயர்ந்துகொண்டே போகும். தரையை 1.50-இல் வைத்தால் கண்மாய் வராது, சாலைத் தண்ணீர் வந்துவிடும். அதனால் தரைமட்டம் 2.25 என்று முடிவானது. சாலைக்கு மேல் 0.45 மீட்டர். நீரைப் பார்க்கும் வீட்டின் உயரத்தைக் கடைசியில் தீர்மானித்தது முன்பக்கத்துத் தார்ச்சாலை.

இல்லினாய்ஸில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் மீஸ் வான் டெர் ரோ 1951-இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் தூக்கி நிறுத்திய கண்ணாடி வீடு அது. அப்படியும் 1954, 1996, 2008 வெள்ளங்களில் உள்ளே தண்ணீர் புகுந்தது. தூக்கிக் கட்டினோம் என்பது மட்டும் போதாது. எந்த மட்டத்திலிருந்து தூக்கினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வீட்டைக் கிழக்கு எல்லையிலிருந்து 18 மீட்டர் தள்ளி நிறுத்தினோம். அங்கே இயற்கைத் தரை 0.99 மீட்டர். வீட்டுத் தரை 2.25. ஆகவே கிழக்குத் தாழ்வாரம் நிலத்துக்கு மேல் 1.26 மீட்டரில் மிதக்கும். நீளமான படுக்கைக்கோடு என்ற மிட் செஞ்சுரி அழகு வெள்ளக் கணக்கிலிருந்தே இப்படிக் கிடைத்தது. மேற்கே சாலையிலிருந்து வரும் நடைபாதையை 1.80 மட்டத்திலேயே கொண்டுவந்து, கடைசி 0.45 மீட்டர் ஏற்றத்துக்கு 1-க்கு 12 சாய்வில் 5.4 மீட்டர் நீளச் சரிவுப்பாதை. முதியவர்கள் வீட்டில் இது முதல் நாளே இருக்க வேண்டும். பிறகு சேர்க்க முயன்றால் இடம் கிடைக்காது.

அஸ்திவாரம்

மூன்று இடத்தில் குழி. மேற்கே 0.9 மீட்டரில் கெட்டியான செம்புராங்கல் அடுக்கு தட்டுப்பட்டது. கிழக்கே மேலே கரம்பை, அதன் கீழ் சரளை, 2.4 மீட்டரில்தான் செம்புராங்கல். கரம்பை நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். எவ்வளவு உப்பும் என்று பார்க்கச் சுலபமான சோதனை உண்டு. உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு 100 மி.லி. அளவுக்குழாயில் போட்டு, ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் உள்ள மண்ணின் கனஅளவு மற்றதைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால் அந்த மண்மீது எதையும் உட்கார வைக்கக் கூடாது. இந்த மனையின் கரம்பை அந்தக் கோட்டைத் தாண்டியது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, மேற்குப் பாதிக்குச் சாதாரணக் கல் அஸ்திவாரமும் கிழக்குப் பாதிக்குப் பைலும் போட்டு இரண்டையும் ஒரே கட்டடமாக இணைப்பது. இரண்டும் ஒரே அளவில் அமிழாது. கூடத்துக் கதவுக்கு மேல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். இந்த வீட்டில் எல்லாத் தூணின் பாதமும் ஒரே செம்புராங்கல் அடுக்கில் போய் நிற்கிறது. கிழக்கில் 2.4 மீட்டர் தோண்டியாக வேண்டும். அதைக் கண்மாய் வறண்ட வைகாசி, ஆனியில் செய்தால் குழி காய்ந்திருக்கும். ஆவணி தாண்டிவிட்டால் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே கான்கிரீட் போட வேண்டிவரும். ஊற்றுநீர் சிமெண்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். பிளிந்த் பீம் (தரைமட்டத்து உத்திரம்) முடியும் நாள் ஆவணி கடைசி என்று நாள்காட்டியில் குறித்துவிட்டு மற்ற வேலைகளைப் பின்னோக்கி எண்ணினோம்.

கிழக்குத் தாழ்வாரத்தின் அடியை மண் போட்டு நிரப்பவில்லை. 1.26 மீட்டர் மண்ணைச் சுவர் கட்டித் தாங்கி, அதுவும் கரம்பைமேல் நிறுத்தினால் சுவர் வெளியே தள்ளும். தூண்களின்மேல் தளம், அடியில் வெற்றிடம். தண்ணீர் ஏறும் மாதத்தில் பாம்பு மேடு தேடி வரும் என்பதால் அந்த வெற்றிடத்தின் வாயைச் செங்கல் ஜாலியும் உள்ளே துருப்பிடிக்காத வலையும் வைத்து அடைத்தாயிற்று. காற்று போகும், பாம்பு நுழையாது. வீட்டின் மற்ற பகுதியில் நிரப்பியது கிராவல். 200 மி.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, அதிர்வு இயந்திரத்தால் இறுக்கியது. கண்மாய் வண்டலை 'பக்கத்தில் சும்மா கிடைக்கிறதே' என்று உள்ளே கொட்டினால் மூன்றாம் வருடம் தளக்கல் எழும்பும்.

திட்டம்: மூன்று மீட்டர் கட்டம்

வடக்கு தெற்காக ஆறு கட்டம், 18 மீட்டர். கிழக்கு மேற்காக ஐந்து கட்டம், 15 மீட்டர். மேற்கே 3 மீட்டர் பட்டையில் நடை, குளியலறைகள், சாமான் அறை. நடுவே 6 மீட்டர் பட்டை: மத்தியில் 6-க்கு 6 முற்றம், வடக்கே ஒரு படுக்கையறை, தெற்கே சமையலும் சாப்பாடும். கிழக்கே 6 மீட்டர் பட்டை: அதில் 3.9 மீட்டர் கூடமும் இரண்டாம் படுக்கையறையும், மீதி 2.1 மீட்டர் தாழ்வாரம். விருந்தாளி அறை நடைக்குப் பக்கத்தில். சுவருக்குள் அடங்கும் பரப்பு சுமார் 196 சதுர மீட்டர், 2,110 சதுர அடி.

மேற்குப் பக்கம் சாலையைப் பார்த்து ஏறக்குறைய மூடிய சுவர். பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்குவது அது. குளியலறைகளும் சாமான் அறையும் அந்தச் சூட்டுக்குத் தடுப்பு. மிட் செஞ்சுரி வீடுகள் பலவும் தெருவுக்கு முதுகைக் காட்டித் தோட்டத்துக்கு முகத்தைக் காட்டும். செட்டிநாட்டு வீடோ முகப்பில்தான் செல்வத்தைக் காட்டும். இந்த இடத்தில் இரண்டு மரபும் ஒத்துப்போகாது. முகப்பில் ஒரு வேலைப்பாடாவது வேண்டும் என்று வீட்டார் கேட்டது நியாயமானது. சுண்ணாம்புப் பூச்சு மெருகேற்றிய ஒரு நீளச் சுவரும், அதன் நடுவில் பழைய தேக்குக் கதவும் அதற்குப் போதுமானவை.

ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்துதான் வரும். மேற்கை முழுக்க மூடினால் அந்தக் காற்று நின்றுவிடும். அதனால் மேற்குச் சுவரில் கூரைக்கு அடியில் 300 மி.மீ. உயரத்துக்கு நீளமாக மரச் சாய்பலகைத் திறப்பு. காற்று அதன் வழியே புகுந்து, முற்றத்தில் இறங்கி, கூடம் வழியாகக் கண்மாய்ப் பக்கம் வெளியேறும். 'ஏரிக்காற்று' என்று எல்லாரும் எதிர்பார்ப்பது கோடையில் கிடைக்காது. அப்போது காற்றின் திசையும் எதிர், கண்மாயும் வறண்டிருக்கும். வடகிழக்கு வாடை வீசும் மாதத்தில்தான் தண்ணீரைத் தொட்டு வரும் காற்று வீட்டுக்குள் வரும். அப்போது அதோடு மழையும் சேர்ந்து வரும்.

கிழக்கு முகம்

முதல் வரைபடத்தில் கிழக்கே 18 மீட்டருக்கும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி இருந்தது. முன்னே 1.2 மீட்டர் கூரை நீட்டம். படத்தில் அழகாக இருந்தது. சூரியக் கணக்கைப் போட்டதும் அது விழுந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் 34 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே டிசம்பர் 21 உச்சிவேளையில் சூரியன் சுமார் 32½ பாகை உயரத்தில்தான் நிற்கும். குளிருக்கு அந்த வெயில் வீட்டுக்குள் வர வேண்டும். கலிஃபோர்னிய வீட்டின் கூரை நீட்டம் கோடையைத் தடுத்துக் குளிர்கால வெயிலை உள்ளே விடும்படி அளந்தது. காரைக்குடி 10 பாகையில் இருக்கிறது. இங்கே அதே நாளில் சூரியன் 56½ பாகை. ஜூன் 21-இல் உச்சியைத் தாண்டி வடக்கே 13½ பாகை சாய்ந்து நிற்கும். உள்ளே வர வேண்டிய வெயில் என்று இங்கே வருடத்தில் ஒரு நாளும் இல்லை. எனவே தெற்கே 1.5 மீட்டர் உயர ஜன்னலுக்கு 1 மீட்டர் நீட்டம், வடக்கே 0.6 மீட்டர் நீட்டம். உச்சிவேளைக்கு இவை போதும். கிழக்குதான் சிக்கல், ஏனென்றால் காலை வெயில் கிடையாக வரும்.

பங்குனி, புரட்டாசியில் சூரிய நேரம் காலை 8 மணிக்குச் சூரியன் 29½ பாகை உயரத்தில் இருக்கும். காரைக்குடியில் சூரிய நேரத்துக்கும் கடிகாரத்துக்கும் சராசரியாகக் கால்மணி வித்தியாசம். கடிகாரம்தான் முந்தும். 1.2 மீட்டர் நீட்டம் அந்த நேரத்தில் கண்ணாடியின் மேல் 0.68 மீட்டரை மட்டும் மறைக்கும். நீட்டத்தை 3 மீட்டராக்கி, இறவானத்தின் (கூரை விளிம்பின்) அடிமட்டத்தை 2.4 மீட்டருக்கு இறக்கினால் 1.7 மீட்டர் மறையும். ஒன்பது மணிக்குள் கண்ணாடி முழுக்க நிழலுக்குள் போய்விடும். ஆகவே தாழ்வாரத் தூண்கள் கண்ணாடியிலிருந்து 2.1 மீட்டரில், அதற்கு வெளியே 0.9 மீட்டர் நீட்டம். அதுவரை வரும் காலை வெயிலுக்குத் தூண்களுக்கு இடையே சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி.

3 மீட்டரை உறுதிசெய்த இன்னொரு காரணம் மழை. வாடையோடு 45 பாகை சாய்ந்து அடிக்கும் மழை 2.4 மீட்டர் உயர இறவானத்தின் கீழ் 2.4 மீட்டர் உள்ளே வரும். மீதி 0.6 மீட்டர் காய்ந்திருக்கும். செருப்பு விட்டுக் கதவைத் திறக்க அந்த இரண்டடி போதும்.

தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலை எந்த இறவானமும் தடுக்காது, அது கீழிருந்து மேலே வரும். இங்கே 18 மீட்டர் ஒதுக்கம் கைகொடுத்தது. நிறைந்த கண்மாயின் விளிம்பு கண்ணாடியிலிருந்து 20 மீட்டருக்கு அப்பால், வீட்டுத் தரைக்கு 2.25 மீட்டர் கீழே. கணக்கிட்டால் சூரியன் சுமார் 13 பாகைக்குக் கீழே இருக்கும்வரைதான் தெறிப்பு 2.4 மீட்டர்க் கண்ணாடிக்குள் விழும். உதயத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதன்பின் அது தாழ்வாரக் கூரையின் அடியில் அலையலையாக நெளிந்துகொண்டிருக்கும். தை மாதக் காலையில் அதைப் பார்க்கவே அந்தக் கூரையின் அடியைப் பளபளப்பில்லாத வெள்ளைச் சுண்ணாம்பாக விட்டிருக்கிறது. வீட்டை எல்லைக்கு இன்னும் பத்து மீட்டர் நெருக்கியிருந்தால் இந்த அழகு கண்கூச்சமாக மாறியிருக்கும்.

18 மீட்டரில் கண்ணாடி 9 மீட்டர்தான். மீதி தேக்குச் சட்டத்தில் சாய்பலகை. புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937-இல் வேலை தொடங்கிய கோல்கொண்டே விடுதி, நம் வெயிலுக்கு நவீனக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அப்போதே காட்டிவிட்டது. அதன் முகம் முழுக்கத் திருப்பக்கூடிய சாய்பலகைகள். மிட் செஞ்சுரி படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் கலிஃபோர்னியப் படங்களைப் பார்க்கும் முன் ஒரு தடவை புதுச்சேரி போய்வர வேண்டும்.

கண்ணாடிக் கதவு ஒன்று 1.5-க்கு 2.4 மீட்டர், 8 மி.மீ. டஃபன்ட், அதாவது சூடேற்றி வலுவூட்டிய கண்ணாடி. கண்ணாடி மட்டும் 72 கிலோ. வாங்கும்போது சக்கரத்தின் தாங்குதிறனைக் கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய சக்கரம் ஒரு வருடத்தில் தட்டையாகிக் கதவு இழுபடும். கதவின் கீழ்த்தடம் உள்தரையோடு சமமாக இருப்பது பார்க்க நன்றாக இருக்கும், ஐப்பசியில் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே வரும். தாழ்வாரத் தரையை 25 மி.மீ. இறக்கி, 1-க்கு 80 சரிவில் வெளியே சாய்த்து, தடத்தின் வெளிப்புறத்தில் 600 மி.மீ.க்கு ஒரு வடிகால் துளை இட வேண்டும். கொசுவலைக் கதவுக்குத் தனித் தடம் அதே சட்டத்தில் ஆரம்பத்திலேயே வைக்க வேண்டும். கலிஃபோர்னியப் புகைப்படத்தில் வலை தெரியாது. இங்கே வலையில்லாமல் ஒரு மாலைகூட உட்கார முடியாது. முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் இரவில் தாழ்வார விளக்கு உயரத்தில் இருந்தால் கூடமெல்லாம் இறகுதான். விளக்குகளை முழங்கால் உயரத்தில், மஞ்சள் ஒளியில் வைத்தாயிற்று.

தூணும் துருவும்

தாழ்வாரத் தூண் ஏழு. 100-க்கு 100, 5 மி.மீ. தடிமன் சதுர இரும்புக் குழாய், வெட்டி வெல்டிங் முடிந்தபின் ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. வரிசை மாறி, கால்வனைஸ் செய்த குழாயை மனையில் வெல்டிங் வைத்தால் அந்தத் தழும்பில்தான் முதல் துரு. குழாயின் இரு முனையிலும் துளை இல்லாமல் கால்வனைஸ் தொட்டியில் முக்க முடியாது, உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் வெடிக்கும்.

அமெரிக்க வீட்டில் தூண் தரைக்குள் இறங்கி மறைவது நேர்த்தி. நம் வீட்டில் தினமும் தாழ்வாரம் கழுவுவார்கள், வாசல் தெளிப்பார்கள். தளக்கல்லுக்குள் புதைந்த இரும்பின் கழுத்தில் ஈரம் காயவே காயாது. ஐந்தாறு வருடத்தில் வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், தரையோடு ஒட்டிய இடத்தில் விரல் அழுத்தினால் உள்ளே போகும். இந்த வீட்டில் ஒவ்வொரு தூணும் தரைக்கு மேல் 150 மி.மீ. உயரக் கருங்கல் பாதத்தில் நிற்கிறது. பழைய செட்டிநாட்டு மரத்தூணின் கீழ் இருக்கும் கல்பாதமும் இதே வேலைக்குத்தான். அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் காரைக்குடியில் தூண் துருப்பிடித்து விழக் கூடாது என்பது எங்கள் ஆசையும்கூட.

கூரை

இரண்டு மட்டம். தாழ்வாரத் தளம் தாழ, அடிமட்டம் 2.4 மீட்டர். கூடத்தின் தளம் 3.3 மீட்டர். இரண்டுக்கும் இடையே 600 மி.மீ. சாய்பலகைப் பட்டை. கூடத்தில் ஏறும் சூடு அதன் வழியே வெளியேறும். தாழ்வாரத் தளம் சுவரைச் சந்திக்கும் இடம்தான் இந்த வீட்டின் பலவீனமான மூட்டு. அங்கே தளத்தோடு சேர்த்தே 150 மி.மீ. உயரக் கான்கிரீட் வரம்பு ஒரே வார்ப்பில் எழுப்ப வேண்டும். தளம் போட்ட மறுநாள் செங்கல் வைத்துப் பூசினால் முதல் மழைக்கே உள்ளே ஒழுகும்.

உள்ளே உத்திரம் தெரியாமல் இருக்கட்டும் என்று உத்திரங்களைத் தளத்துக்கு மேலே திருப்பிவைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. மேலே திரும்பிய உத்திரம் மொட்டைமாடியைத் தொட்டி தொட்டியாகப் பிரித்துவிடும். இந்த மழைக்கு அது வேண்டாம். உத்திரங்கள் உள்ளேயே தெரியட்டும், மூன்று மீட்டருக்கு ஒன்றாக, தூண்களோடு ஒரே கோட்டில். தூணும் உத்திரமும் வெளிப்படையாகத் தெரிவது மிட் செஞ்சுரிக்கும் இயல்புதான்.

வெளியே நீட்டிய 0.9 மீட்டரில் ஆபத்து ஒன்று. நீட்டத் தளத்தில் இழுவிசை மேல்பக்கம். பிரதானக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும் நாளில் ஆட்கள் அதன்மேல் நடந்து மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். பார்க்க ஒன்றும் தெரியாது. தாங்கு முட்டுகளைப் பிரித்ததும் விளிம்பு தொங்கும், வேரில் விரிசல் விழும். 600 மி.மீ.க்கு ஒன்றாக மேல்கம்பியைத் தாங்கும் சேர் கம்பி, நடக்கப் பலகை, கொட்டும் நேரம் முழுக்க ஒரு ஆள் மேல்கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 14 நாள் கழித்து முட்டுகளை நுனியிலிருந்து வேரை நோக்கி எடுக்க வேண்டும், மாற்றி எடுக்கக் கூடாது. விளிம்பின் அடியில் 40 மி.மீ. உள்ளே 12 மி.மீ. காடி வெட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டும், கூரையின் அடியில் ஓடி வந்து கறை போடாது.

மேலே பழைய முறையே. செங்கல் ஜல்லியும் நீர்த்த சுண்ணாம்பும் 32-க்கு 12½ பங்கு, மணல் கிடையாது, சராசரி 75 மி.மீ. பலகைக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டையான ஓடு. அவசரத்துக்குச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலந்தால் வெயிலில் விரியும்போது வெடிக்கும்.

இறவானங்களும் சேர்ந்து கூரைப் பரப்பு சுமார் 300 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு 300 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 15,000 லிட்டர். 100 மி.மீ. குழாய் ஒன்று, மணிக்கு 100 மி.மீ. மழைக்கு, சுமார் 43 சதுர மீட்டர்க் கூரையைத்தான் தாங்கும். ஆகவே எட்டுக் குழாய். நாலு முற்றத்தில், நாலு வெளியே. வருடத்துக்குச் சுமார் 900 மி.மீ. மழை, அதில் எண்பது விழுக்காடு பிடித்தால் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல். முற்றத்து மழையை அண்டாவில் பிடித்துவைத்த ஊரில் இதைச் சாக்கடைக்கு விடுவது மனதுக்கு ஒப்பாது. 20,000 லிட்டர் தரைத்தொட்டி, மிச்சம் உறைக்கிணற்றுக்கு.

தரையும் சுவரும்

உள்ளே 150 சதுர மீட்டர் ஆத்தங்குடிக் கல். 200 மி.மீ. சதுரம் என்றால் சதுர மீட்டருக்கு 25, மொத்தம் 3,750, சேதத்துக்கு எட்டு விழுக்காடு சேர்த்து 4,050. கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் செய்யும் கல் இது. ஒரு நாள் வார்ப்பும் மறுநாள் வார்ப்பும் நிறத்தில் சற்று மாறும். மொத்தத்தையும் ஒரே தடவை சொல்லிவைத்து, பதிக்கும்போது நாலைந்து அடுக்கிலிருந்து கலந்து எடுக்க வேண்டும். பூக்கோலம் நிறைந்த தரை இந்த வீட்டின் நேர்கோடுகளோடு சண்டை போடும். ஒரே நிறக் காவிச் சிவப்புத் தரை, சுவரோரம் ஒரு கறுப்புப் பட்டை, முற்றத்தைச் சுற்றி மட்டும் பூக்கல். இடைவெளி விடாமல் ஒட்டிப் பதிக்க வேண்டும். பெயின்டர்கள் வெளியேறும்வரை சாக்கு விரித்திருக்க வேண்டும். கறை எடுக்க ஆசிட் ஊற்றினால் கறையோடு நிறமும் போய்விடும், அந்தக் கல்லை மாற்றுவதைத் தவிர வழியில்லை. முதல் சில மாதங்கள் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் மெருகு ஏறும். தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் வேண்டாம். நனைந்தால் வழுக்கும். அங்கே கொத்திய கருங்கல்.

சுவர் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லும் மிச்சம், நடுவில் காற்றுப் பை இருப்பதால் சூடும் குறைவு. ஒரே அளவுச் செங்கல் கிடைக்காவிட்டால் இதைத் தொடக் கூடாது. கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையே ஒரே ஒரு செம்புராங்கல் சுவர், பூச்சில்லாமல். அது ஈரம் உறிஞ்சும் கல் என்பதால் அடியில் ஈரத்தடுப்பு அடுக்கு கட்டாயம்.

முகப்புச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்கு. மேல்பூச்சில் கடுக்காய் ஊறிய நீரும் முட்டை வெள்ளைக்கருவும். சுண்ணாம்பு பதினைந்து நாளாவது ஊற வேண்டும். ஊறாத சுண்ணாம்பு சுவரில் ஏறியபின் பொரிந்து கொப்புளமாகும். கான்கிரீட் தூணும் செங்கல்லும் சந்திக்கும் கோட்டில் எந்தப் பூச்சும் விரியும் என்பதால் இந்தச் சுவரில் தூணே வராதபடி கட்டத்தைச் சற்றுத் தள்ளி வரைந்தோம்.

தேக்கு பழைய மரம். இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு காரைக்குடிக் கடைகளில் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த மரம், இனித் திருகாது. அறுக்கும் முன் காந்தம் வைத்து ஆணி தேட வேண்டும். ஏற்கனவே விழுந்த வீட்டின் உத்திரத்தை வாங்கலாம். நமக்கு மரம் வேண்டும் என்பதற்காக நிற்கிற வீடு ஒன்று பிரிக்கப்படுமானால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும்.

கழிவுநீர்

கண்மாய் நிறையும்போது நிலத்தடி நீரும் மேலே வரும். கார்த்திகையில் உறிஞ்சுகுழி தலைகீழாக வேலை செய்து குளியலறைப் பக்கம் தண்ணீரைத் திருப்பித் தள்ளும். அதுமட்டுமல்ல, அந்த அழுக்கு கண்மாய்க்குத்தான் போய்ச் சேரும், அதில் மாடு குடிக்கும், மீன் பிடிப்பார்கள். இங்கே உறிஞ்சுகுழியே இல்லை. சாலைப் பக்கம், கண்மாயிலிருந்து ஆகத் தூரத்தில், தடுப்புச் சுவர்கள் கொண்ட மூடிய தொட்டி. அதிலிருந்து அடியும் பக்கமும் கசியாத சரளைப் படுகைக்கு நீர் போகும். படுகையில் கல்வாழையும் சேம்பும். படுகையின் மேல்மட்டம் வெள்ளமட்டத்துக்கு மேலே இருக்கும்படி முதலிலேயே குறித்தாயிற்று.

கிழக்கே விட்ட 18 மீட்டரில் புல்தரை போடவில்லை. புல்தரைக்கு வைகாசியில் தண்ணீர் ஊற்ற முடியாது, ஐப்பசியில் அது அழுகும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு மருதமும் நாவலும் இரண்டு ஓரங்களில் மட்டும் நட்டு, நடுவைத் திறந்து விட்டாயிற்று. வறண்ட மாதங்களில் தாழ்வார விளிம்பில் உட்கார்ந்தால் மாடுகளும் கொக்குகளும் வெடித்த தரையும் தெரியும். அந்த விளிம்பில் 450 மி.மீ. உயரத்தில் ஒரு நீளத் திண்ணை, 500 மி.மீ. அகலம், இரண்டு பேர் எதிரெதிரே காலை நீட்டிச் சாய்ந்து உட்காரும்படி தூணுக்குத் தூண்.